வீட்டுக்கு ஒரு சோனா: எதை எடுப்பது, டொக்டர்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மார்க்கம் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கத்தைத் தருகிறேன்.

வாசகிக்கு 51 வயது. சொல்லும்படியான வருத்தம் எதுவும் இல்லை. கணவருக்கு 56. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபோர்மின், எம்பாகிளிஃப்ளோசின் குளிசைகளோடு சாப்பாட்டுக்கு முன் ஓர் இன்சுலினும் இரவில் ஓர் இன்சுலினும் போடுகிறார். பிரஷருக்கு இரண்டு குளிசை. அதில் ஒன்று சிறுநீரைக் கூட்டுவது. 'உள்ளங்கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்பார்' என்று கடிதத்தில் ஒரேயொரு வரி வருகிறது. மாமிக்கு 78; முழங்கால் வலி, கட்டிலிலிருந்து எழுந்தால் தலைச்சுற்று. மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். மணமாகி ஒன்றரை வருடம். குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள்.

மகன் வேலை விடயமாகப் பின்லாந்தின் தம்பெரே நகரில் ஆறு மாதம் இருந்தவர். சோனா என்பது சூடேற்றிய அறைக்குள் இருந்து வியர்க்கும் பழக்கம்; அதன் உலகத் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. அங்கே பழகிய சுகத்தை மறக்க முடியாமல், பேஸ்மென்டில் அதேபோன்ற மர அறை ஒன்று கட்டவேண்டும் என்கிறார். கணவருக்கோ பின்வளவில் விறகு அடுப்பு வைத்த பீப்பாய் சோனா வேண்டும்; வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு ஒரு போத்தலும் வைத்துக்கொண்டு இருக்கலாமாம். இதற்கிடையில் ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்து, இருவர் இருக்கக்கூடிய இன்ஃப்ராரெட் சோனா ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். விலை 4,800 டொலர், முற்பணம் 1,000. உடலின் நச்சு வியர்வையாக வெளியேறும், 40 நிமிடத்தில் 600 கலோரி எரியும், சீனி கட்டுக்குள் வந்து குளிசைகளைக் குறைக்கலாம், சூடு குறைவு என்பதால் முதியவர்களும் பயமின்றி இருக்கலாம், மாரடைப்பு பாதியாகக் குறையும் என்று பின்லாந்தில் நிரூபித்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாராம். மாமி நல்லெண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே இருந்தால் முழங்காலுக்கு நல்லது என்று ஆசைப்படுகிறார். கையெழுத்திட்டு நான்கு நாளாகிறது. 'சரியானதைத்தான் எடுத்தோமா? இவருடைய குளிசைகளைக் குறைக்கலாமா?' என்பவை வாசகியின் கேள்விகள்.

முதலில் அந்தக் கையெழுத்து

அன்புள்ள சகோதரிக்கு, வைத்தியரிடம் கேட்ட கேள்விக்குச் சட்டத்திலிருந்து பதிலைத் தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் நாள் எண்ணிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதனால் இந்தப் பகுதியை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன்.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் உங்கள் வீட்டில் வைத்து எழுதிய, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை நீங்கள் ரத்துச் செய்யலாம். அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. 'முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று படிவத்தில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போய்விடாது. ரத்துச் செய்வதாக இரண்டு வரி எழுதி, அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கும் வழியில், மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். அறிவித்த 15 நாளுக்குள் பணத்தை அவர்கள் திருப்பித் தரவேண்டும். இதே ஒப்பந்தத்தை ஒரு வீட்டுப்பொருள் கண்காட்சியில் நின்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்திருக்காது. சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதியது உங்கள் அதிர்ஷ்டம்.

ரத்துச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. இன்ஃப்ராரெட் சோனா கெட்ட பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. எந்தக் காரணங்களை நம்பிக் கையெழுத்திட்டீர்களோ, அவற்றில் ஒன்றுகூட நிற்காது.

விற்பனையாளர் சொன்னவை

வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். உடலின் கழிவைப் பிரித்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். எவ்வளவு வியர்த்தாலும் அந்த வேலையைத் தோல் எடுத்துக்கொள்ளாது. அதிகம் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்குத்தான் சுமை கூடும். சோனாவிலிருந்து வெளியே வந்து நிறுத்துப் பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும். அது தண்ணீரின் எடை. இரண்டு டம்ளர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். உள்ளே இதயம் வேகமாக அடிப்பதைக் காட்டி, உடற்பயிற்சிக்குச் சமம் என்பார்கள். தோலைக் குளிரவைப்பதற்காக இரத்தத்தை அங்கே அனுப்பவே இதயம் ஓடுகிறது. தசைகள் சும்மாதான் இருக்கின்றன. 600 கலோரி என்பது விற்பனைப் பேச்சு.

பின்லாந்து ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். அது உண்மையான, நல்ல ஆய்வு. அதனால்தான் அதன் பெயரில் எதையும் விற்க முடிகிறது. கிழக்குப் பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 42 முதல் 60 வயது வரையான 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாகின. வாரம் ஒருமுறை சோனாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடையே திடீர் இதய மரணம் 63 வீதம் குறைவாகக் காணப்பட்டது. இதை வாசித்துவிட்டு யாருக்கும் ஆசை வரும். எனக்கும் இது உற்சாகம் தரும் செய்திதான்.

ஆனால் மூன்று விடயங்களைச் சேர்த்துப் பாருங்கள். இது கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு. ஒரு சாராரைச் சோனாவுக்கு அனுப்பி, மறு சாராரைத் தடுத்துச் செய்த பரிசோதனை அல்ல. வாரம் ஏழு நாளும் சோனாவில் இருக்க முடிகிற மனிதருக்கு ஏற்கெனவே உடல் நலமும் ஓய்வு நேரமும் சற்று அதிகம் இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் வயது, புகைத்தல், பிரஷர் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் இந்தச் சந்தேகம் முழுதாக நீங்காது. அடுத்தது, அந்த மனிதர்கள் சிறுவயது முதல் சோனாவில் வளர்ந்தவர்கள். ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் முப்பது இலட்சம் சோனாக்கள் இருப்பதாகச் சொல்வார்கள். யுனெஸ்கோ 2020-இல் அந்தப் பழக்கத்தையே மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 56 வயதில் முதன்முறை உள்ளே போகிற உங்கள் கணவரின் உடல் அந்தப் பழக்கம் இல்லாதது. கடைசியாக, அவர்கள் இருந்தது கற்களைச் சூடாக்கும் 'கல் அடுப்பு' வைத்த அறையில். சராசரிச் சூடு 79 பாகை செல்சியஸ், ஒருமுறைக்குச் சராசரி 14 நிமிடம். இன்ஃப்ராரெட் பெட்டியில் எவரும் இருக்கவில்லை.

இன்ஃப்ராரெட்டுக்கும் சொந்தமாக ஆய்வு உண்டு. ஜப்பானில் இதயம் பலவீனமான நோயாளிகளை 60 பாகையில் 15 நிமிடம் வைத்து, பிறகு போர்வை போர்த்தி அரை மணி நேரம் படுக்கவைக்கும் சிகிச்சை இருக்கிறது. அது மருத்துவர் கண்காணிப்பில், நோயாளியைத் தேர்ந்தெடுத்துச் செய்வது. பேஸ்மென்டில் தனியாக 40 நிமிடம் இருப்பதற்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

'சூடு குறைவு, அதனால் எல்லோருக்கும் பாதுகாப்பு' என்ற பேச்சுத்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. இன்ஃப்ராரெட் பெட்டியின் காற்று 45 முதல் 60 பாகை வரைதான் இருக்கும், உண்மை. ஆனால் அதன் சூடு முக்கியமாகக் காற்றால் வருவதில்லை. சுவரிலும் காலடியிலும் உள்ள தகடுகளிலிருந்து நேராக உடலில் படுகிறது. கெண்டைக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் தகடு இருக்கும். காலில் உணர்ச்சி உள்ளவர் சுட்டதும் நகர்ந்துகொள்வார். உணர்ச்சி மங்கியவருக்கு அது தெரியாது. நேரமும் நீளும், 80 பாகையில் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுபவர் இங்கே முக்கால் மணி நேரம் இருந்து வியர்ப்பார். பிரஷர் இறங்குவதும் நீர் வற்றுவதும் இரண்டிலும் நடக்கும்.

வீட்டில் உள்ள ஐந்து உடல்கள்

சோனாவைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் மரம், அடுப்பு, விலை என்று பார்க்கிறார்கள். உள்ளே போகப்போகிறவர்களைப் பார்த்துத்தான் தேர்வு செய்யவேண்டும். உங்கள் வீட்டை அப்படிப் பார்ப்போம்.

உங்கள் கணவரிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஒரு வரியில் சொல்லிப்போன அந்த உள்ளங்கால்தான் இந்தக் கடிதத்திலேயே பெரிய செய்தி. பன்னிரண்டு ஆண்டு நீரிழிவுக்குப் பிறகு வரும் மரப்பு பெரும்பாலும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி. எங்கள் கிளினிக்குகளில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய நைலோன் இழை. அது வளையும் அளவுக்குப் பெருவிரல் நுனியிலும் பாதத்தின் மேடுகளிலும் மெதுவாக அழுத்துவோம். கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் 'ஓம்' என்று சொல்லவேண்டும். இழை வளைந்து நிற்கும்போதும் வாய் திறக்காமல் இருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுடைய பாதம் சூடான தகட்டையும் உணராது, அடுப்புக் கல்லின் அருகையும் உணராது. இந்தச் சோதனை செய்யாமல் அவர் எந்தச் சோனாவுக்குள்ளும் போகக்கூடாது. நரம்புப் பாதிப்பு பாதத்தோடு நிற்காமல் வியர்வையையும் பிரஷரையும் ஆளும் நரம்புகள் வரை போயிருக்கலாம். அப்படியானால் சூட்டைச் சமாளிக்கும் வழியே அவருக்குக் குறைவு.

அடுத்தது மருந்துகள். சூடான தோலில் இரத்தம் கூடுதலாக ஓடுவதால், சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் ஊசி போட்ட இடத்திலிருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட்டு, சீனி திடீரென இறங்கலாம். சீனி இறங்கும்போது வரும் வியர்வை, படபடப்பு, தளர்ச்சி எல்லாம் சோனாவில் எவருக்கும் வருவதுதான். ஆகவே வேறுபாடு தெரியாமல் போய்விடும். எம்பாகிளிஃப்ளோசினும் அந்தச் சிறுநீர்க் குளிசையும் உடலிலிருந்து ஏற்கெனவே நீரை வெளியேற்றுகின்றன. அதன்மேல் வியர்வையும் சேர்ந்தால், எழுந்து கதவைத் திறக்கும் நேரத்தில் கண் இருண்டு விழலாம். சோனா விபத்துகளில் விழுவது சாதாரணம். விழுகிற இடத்தில் சூடான அடுப்பு இருப்பதுதான் பயங்கரம்.

குளிசைகளைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. ஒரு குளிசைகூட, ஒரு யூனிட் இன்சுலின்கூட, சோனாவை நம்பிக் குறைக்க வேண்டாம். சோனாவுக்குப் போகும் நாட்களில் அளவை மாற்ற வேண்டியிருந்தால் அதை அவருடைய வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, நீரிழிவுள்ளவர் எவரும் சோனாவுக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாட்டில் உள்ள பிரஷரும் நிலையான இதயமும் உள்ள பலர் நன்றாகவே தாங்குகிறார்கள். கால் சோதனை, இதயப் பரிசோதனை, படுத்தும் நின்றும் அளந்த பிரஷர் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், சோனாவின் சூடு குறைந்த கீழ் வாங்கில் ஐந்து நிமிடம் இருந்து தொடங்கலாம். வேக இன்சுலின் போட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழியவேண்டும். முன்னும் பின்னும் சீனியைப் பார்க்கவேண்டும். சீனி அளக்கும் சென்சர் கையில் ஒட்டியிருந்தால், அதன் கணக்கை அந்த நேரத்தில் நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள். அந்தக் கருவிகள் அவ்வளவு சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. இன்சுலின் பேனாவும் உள்ளே போகக்கூடாது. வெளியே வந்ததும் பனியில் பாய்வதும் ஐஸ் தண்ணீரில் இறங்குவதும் அவருக்கு வேண்டாம். சுருங்கும் இரத்தக் குழாய்கள் பிரஷரை ஒரே தூக்காகத் தூக்கிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைப் போத்தலை மறந்துவிடச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. பின்லாந்தில் சோனாவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ பாதிப்பேர் குடித்திருந்தார்கள். மது பிரஷரை இறக்கும், இன்சுலின் போடுபவரின் சீனியையும் இறக்கும், 'போதும், எழுந்து வா' என்ற உடலின் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். நண்பர்கள் கூடினால் யார் அதிக நேரம் இருப்பது என்ற போட்டியும் வரும். பின்லாந்தின் ஹெயினொலாவில் உலகப் போட்டியாகவே அதை நடத்தினார்கள். 2010-இல் 110 பாகையில் நடந்த இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார், மற்றவர் கடுமையான எரிகாயங்களோடு தப்பினார். அதோடு அந்தப் போட்டி நின்றுபோனது.

மகனைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். விதைப்பை உடலுக்கு வெளியே இருப்பதே உடற்சூட்டைவிடச் சில பாகை குறைவாக இருப்பதற்காகத்தான். இத்தாலியில் பத்து ஆண்களை வாரம் இருமுறை, 80 முதல் 90 பாகையில் 15 நிமிடம் வீதம் மூன்று மாதம் சோனாவுக்கு அனுப்பிப் பார்த்த சிறிய ஆய்வு 2013-இல் வெளியானது. விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. நிறுத்தி ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தன. ஆக, நிரந்தரக் கேடு இல்லை. ஆனால் குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்தில் வீட்டுக்குள்ளேயே சோனா வைத்துக்கொண்டு தினமும் போவது அறிவான செயல் அல்ல.

மருமகளுக்கும் அப்படித்தான். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று பலருக்குத் தெரியவருவதே அந்த நேரத்தில்தான். அந்த நாட்களில் தாயின் உடற்சூடு 39 பாகையைத் தாண்டுவது நல்லதல்ல. பின்லாந்துப் பெண்கள் கர்ப்பகாலம் முழுவதும் சோனாவுக்குப் போகிறார்களே என்று மகன் கேட்பார். போகிறார்கள்; சிறுவயது முதல் பழகியவர்கள், சில நிமிடம் இருந்துவிட்டு எழுந்து வரத் தெரிந்தவர்கள். பழக்கமில்லாதவர் முயற்சிக் காலத்திலும் முதல் மூன்று மாதத்திலும் தவிர்ப்பதே பத்திரம். ஃபோலிக் அமிலம் எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். எடுக்காவிட்டால் இன்றே தொடங்கவேண்டும்.

மாமிக்கு இப்போதைக்கு வேண்டாம். எழுந்தால் தலைச்சுற்றும் 78 வயதானவருக்கு முதலில் அந்தத் தலைச்சுற்றின் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால் சோனா அறவே கூடாது. எண்ணெய் பூசிக்கொண்டு சோனாவில் இருப்பதும் நடவாத காரியம். மரம் வழுக்கும், எண்ணெய் ஊறிக் கெட்ட வாடை எடுக்கும், அடுப்பில் சொட்டினால் தீப்பிடிக்கும். முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடமும் பிசியோதெரபி சொல்லித்தரும் தொடைப் பயிற்சியும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் போதும்.

மிஞ்சுவது நீங்கள். ஐந்து பேரில் இன்றைக்கு யோசனையின்றிப் போகக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். கடிதத்தில் உங்களுக்கு அதில் ஆசை இருப்பதாக ஓர் இடத்திலும் எழுதவில்லை! போவதானால் தாலிக்கொடியையும் காப்பையும் கழற்றிவிட்டுப் போங்கள். தடித்த பவுன்கொடி சில நிமிடத்தில் கழுத்தைச் சுடும் அளவுக்குச் சூடேறிவிடும். கழற்ற மனம் வராதவர்கள் பருத்தித் துணியால் அதை மூடிக்கொள்ளலாம். ஆனால் கழற்றிவைப்பதே நல்லது.

மூன்றில் எது

பீப்பாய் சோனா பார்க்க அழகு. ஆனால் வட்டக் கூரையின் கீழ் வாங்குகள் தாழ்வாக இருப்பதால் தலை வியர்க்கும்போது கால் குளிர்ந்துகொண்டிருக்கும். விறகு அடுப்பு என்றால் காப்புறுதி நிறுவனம் தகுதியுள்ள பரிசோதகரின் அறிக்கை கேட்கும். நகரசபையின் விதிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், ஜனவரி இரவில் பிரஷர் இறங்கிய உடலோடு உறைபனி படிந்த படியில் நடந்து வீட்டுக்குள் வரவேண்டும். உங்கள் கணவருக்கு இது ஆகவே ஆகாது.

இன்ஃப்ராரெட்டின் நன்மைகளையும் சொல்லவேண்டும். இருவருக்கானது ஒன்றரை இரண்டு கிலோவாட்தான் எடுக்கும். பெரும்பாலும் சாதாரண பிளக்கில் வேலை செய்யும். பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். காலில் உணர்ச்சி நன்றாக உள்ள, 80 பாகைச் சூட்டைத் தாங்காத ஒருவருக்கு நான் அதைத் தடுக்கமாட்டேன். உங்கள் வீட்டில் அதை அதிகம் பாவிக்கப்போவது உங்கள் கணவர் என்பதால் வேண்டாம் என்கிறேன்.

மகன் கேட்பதுதான் என் தெரிவும். கல் அடுப்பு வைத்த மர அறையின் பெரிய சிறப்பு, ஒரே அறைக்குள் பல சூடுகள் இருப்பது. கூரையருகில் 90 பாகை இருக்கும்போது தரையில் கால் வைக்குமிடத்தில் 40கூட இராது. மேல் வாங்கில் இருப்பவர் மகன், கீழ் வாங்கில் இருப்பவர் தந்தை. இருவரும் பேசிக்கொண்டே இருக்கலாம், ஆனால் இரண்டு வெவ்வேறு சோனாக்களில் இருப்பார்கள். மர அகப்பையால் கல்லில் ஒரு வீச்சுத் தண்ணீர் விட்டால் எழும் ஆவி முதலில் கூரையில் தட்டி, பிறகு காதுமடலிலும் தோளிலும் இறங்கும். அந்த ஆவிக்குத்தான் பின்லாந்துக்காரர் உயிரை விடுவார்கள். உங்கள் மகன் மறக்க முடியாமல் தவிப்பதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இன்ஃப்ராரெட் பெட்டியில் தண்ணீர் விட முடியாது. அதை வாங்கியிருந்தால் அவர் ஒரு வாரத்தில் அலுத்திருப்பார்.

கட்டுவதானால் கவனிக்க வேண்டியவை:

அளவும் அடுப்பும். ஆறடிக்கு ஆறடி, ஏழடி உயரம் போதும். அது ஏறத்தாழ 7 கன மீற்றர். கன மீற்றருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக் கணக்கு; ஆறு அல்லது ஏழு கிலோவாட் அடுப்பு பொருந்தும். பெரிய கண்ணாடிக் கதவு வைத்தால் சூடு அதன் வழியே போகும். அதற்கும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். கனடாவில் அங்கீகரித்த தர முத்திரை அடுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வரும் முத்திரையற்ற அடுப்பையும், கூடாரம்போல் மடித்து வைக்கும் ஆவிப் பெட்டியையும் வாங்க வேண்டாம்.

மின்சாரம். இதற்கு 240 வோல்ட்டில் தனி இணைப்பு வேண்டும். ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் கூலிக்கு இதைச் செய்யலாம். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் செய்யவேண்டும். தெரிந்த பையன் ஒருவன் மலிவாகச் செய்து தருவான் என்று இறங்காதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். பழைய வீட்டில் 100 அம்பியர் இணைப்பும், மின்சாரக் கார் சார்ஜரும் இருந்தால் இதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செலவு பெரிதல்ல. ஒருமுறைக்கு ஆறு ஏழு யூனிட் போகும். இரவு ஏழு மணிக்குப் பிறகு போட்டால் கட்டணம் குறைவு.

மரமும் ஈரமும். சீடர் வாசம் பிடித்தால் சீடர். வாசத்துக்குத் தும்முபவர் இருந்தால் அஸ்பென். பைன் சூட்டில் பிசின் வடிக்கும். உள்ளே வார்னிஷோ பெயின்ட்டோ, மருந்தேற்றிய மரமோ கூடாது. பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள் இடைவெளியின்றி ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் பேஸ்மென்ட் சுவர் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பருகே காற்று வரவும் எதிர்ப்பக்கம் போகவும் துவாரம் இருக்கவேண்டும். பேஸ்மென்டில் குளியலறை இருக்கும் பக்கமாகக் கட்டுங்கள்.

கதவு. வெளிப்பக்கம் திறப்பதாக, தள்ளினால் திறப்பதாக இருக்கவேண்டும். பூட்டும் கொக்கியும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். உள்ளே மயங்கிச் சரிகிறவரின் உடல் பட்டாலே கதவு திறக்கவேண்டும். அடுப்பைச் சுற்றி மரத் தடுப்பு போடச் சொல்லுங்கள். வாங்கின் ஓரத்தில் ஒரு கைப்பிடியும் வைக்கச் சொல்லுங்கள். படமாக வரையும் ஒப்பந்தக்காரர்கள் இவை இரண்டையும் மறந்துவிடுவார்கள்.

எப்போது

இந்த வருடம் கட்ட வேண்டாம். மகனும் மருமகளும் விலகியிருக்கவேண்டிய காலம்; கணவருக்குச் சோதனைகள் பாக்கி; மாமிக்கு ஆகாது. இப்போது கட்டினால் நீங்கள் துடைத்துப் பராமரிக்கும் இன்னோர் அறையாகத்தான் அது இருக்கும்.

அதற்குள் செய்யக்கூடியவை சில உண்டு. கணவரின் வைத்தியரிடம் நேரம் எடுத்து, 'சோனாவுக்குப் போக யோசிக்கிறார்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கால் சோதனை, இதயச் சோதனை, சிறுநீரக இரத்தப் பரிசோதனை மூன்றையும் அவர் ஒரே தடவையில் ஒழுங்கு செய்வார். மருந்துப் பட்டியலைப் பேச்சில் சொல்லாமல், குளிசைப் பெட்டிகளையே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். எல்லாம் சரி என்றால், நீச்சல் தடாகத்தோடு சோனாவும் உள்ள ஒரு சமூக நிலையத்துக்கு இருவரும் போய், கீழ் வாங்கில் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை என்றால் மகனை வாசல்வரை துணைக்கு அனுப்புங்கள். சிலருக்கு இரண்டாம் முறையே பிடிக்காமல் போகிறது; அப்படியானால் கட்டும் செலவும் மிச்சமாகும்.

பேஸ்மென்டில் வேறு வேலை ஏதாவது செய்ய மின் ஒப்பந்தக்காரர் வந்தால், சோனாவுக்கான 240 வோல்ட் கம்பியை அப்போதே சுவருக்குள் இழுத்து, முனையை மூடிவைக்கச் சொல்லுங்கள். பிறகு சுவரை உடைத்துச் செய்வதைவிட மிகவும் மலிவு. ரத்துக் கடிதத்துக்கு அந்த நிறுவனம் பதில் தராவிட்டால், மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். ஒப்பந்தப் பிரதியையும் அனுப்பிய அத்தாட்சியையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.